எத்தனை மாசம் காலியா ஓட்டலாம்? வ.உ.சி. கப்பல் வாங்கிய கணக்கு

திருப்பூரில் யாரைப் பற்றி விசாரித்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அவருக்கு எத்தனை மெஷின் ஓடுது?" சம்பளம் எவ்வளவு, சொத்து எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். பத்து பவர் டேபிள் வைத்திருப்பவர் இருபதாக்கலாமா என்று யோசிப்பார். இருபது வைத்திருப்பவர் சொந்தமா நிட்டிங் போடலாமா என்று யோசிப்பார். வீடு கட்டுகிறவரும் அப்படித்தான், பத்து சதுரம் போதுமா இருபது சதுரமா என்று அதே குழப்பம். "எவ்வளவு பெருசா வாங்கறது?" என்பதுதான் இந்த ஊரின் நிரந்தரக் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் ரொம்பப் பெரிய அளவில், ரொம்ப நெருக்கடியான நிலைமையில் கேட்டுக்கொண்டவர் ஒருத்தர் உண்டு. ஒட்டப்பிடாரம் வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவர் யோசித்தது கப்பலைப் பற்றி. 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவர் தியாகம் தெரியும். செக்கிழுத்தது தெரியும். ஆனா ஒரு கம்பெனி முதலாளியாக, "எத்தனை கப்பல், எவ்வளவு பெரிய கப்பல்?" என்று அவர் எடுத்த முடிவை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பதிவு.

தூத்துக்குடி – கொழும்பு, ஒரு ராத்திரிப் பயணம்

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். 1870-களின் நடுவில் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் வழி வரும்வரை, மெட்ராஸிலிருந்து கொழும்பு போகிறவர்களுக்கு முக்கியமான வழி தூத்துக்குடிதான். ரயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறினால் மறுநாள் கொழும்பு.

ஏறுகிறவர்கள் யார்? வியாபாரிகள், அதிகாரிகள் கொஞ்சம் பேர். பெருங்கூட்டம் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலித் தொழிலாளர்கள். அவர்களில் பலருக்கு வழிச்செலவு கங்காணி கொடுத்த முன்பணம். அது பின்னால் கடனாக அவர்கள் தலையில் ஏறும். அதாவது கட்டணத்தில் நாலணா குறைந்தாலும் அது பெரிய விஷயமாக இருக்கிற பயணிகள். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

தூத்துக்குடி கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் சிறு படகுகளிலும் தோணிகளிலும் போய் ஏற வேண்டும்.

இந்த வழியைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. 1856-ல் கல்கத்தா – ரங்கூன் வழிக்காக வேறு பெயரில் ஆரம்பித்து, வங்காள விரிகுடா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பரவிய கம்பெனி. 1914-ல் பி. அண்ட் ஓ.வோடு இணைந்தபோது அதனிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. தூத்துக்குடி – கொழும்பு என்பது அவர்களுடைய பல வழிகளில் ஒன்று. அவ்வளவுதான்.

வாடகையில் ஆரம்பித்து

1906 அக்டோபர் 16-ந்தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்கு வாங்கினார், அதாவது 2 லட்சம் ரூபாய். வ.உ.சி.க்குப் பதவி உதவிச் செயலாளர், வேலை எல்லாமே அவர்தான்.

ஆரம்பத்தில் வ.உ.சி. கப்பல் வாங்கவில்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார். இன்றைக்கு ஒரு புது சாஃப்ட்வேர் கம்பெனி சொந்தமா சர்வர் வாங்காமல் வாடகைக்கு எடுத்து ஆரம்பிக்கிற மாதிரிதான். ரொம்ப புத்திசாலித்தனமான முடிவு. ஓடினால் ஓடட்டும், ஓடாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனா வாடகைக்கு ஒரு பலவீனம் உண்டு. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வ.உ.சி. அவசரமாக இலங்கையில் ஒரு பெரிய சரக்குக் கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். அதோடு அவருக்குப் புரிந்துவிட்டது: சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையென்றால் கடலிலேயே உயிரை விட்டுவிடுவேன் என்று சபதம் செய்துவிட்டு வடக்கே கிளம்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பம்பாயில் பங்கு விற்றார். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டன. 1907 மே மாதம் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். கூடவே 4,000 மூட்டை சரக்கு.

ஏன் இரண்டு? ஏன் இவ்வளவு பெரிது?

இனி வருவது என் அனுமானம். எந்த ஆவணத்திலும் இப்படி எழுதி வைத்திருப்பதாக நான் சொல்லவில்லை.

ஒரு கப்பல் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? இன்று ராத்திரி கொழும்பு போகும், நாளை ராத்திரி திரும்பும். தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கப்பல். ரயிலில் வந்து இறங்குகிற பயணி சுதேசிக் கப்பலுக்காக ஒருநாள் காத்திருப்பாரா? தேசபக்தர் காத்திருப்பார். குழந்தை குட்டியோடு வருகிறவர் எதிரே நிற்கிற பி.ஐ. கப்பலில் ஏறிவிடுவார். இரண்டு கரையிலிருந்தும் தினமும் ஒரு கப்பல் கிளம்ப வேண்டுமென்றால் குறைந்தபட்சம் இரண்டு வேண்டும். ஒன்று ரிப்பேருக்குப் போனால்கூடச் சேவை நிற்காமல் ஓட்டவும் இரண்டு வேண்டும்.

அளவும் அப்படித்தான். இந்த வழியில் பணம் முதல் வகுப்பில் இல்லை, தளத்தில் உட்கார்ந்து போகிற ஆயிரம் பேரிடம்தான் இருக்கிறது. அவர்களை ஏற்ற இடமில்லாத சின்னக் கப்பல் இந்த வழிக்குப் பிரயோஜனமில்லை.

ஆக, வ.உ.சி. பேராசைப்பட்டுப் பெரிசா வாங்கினார் என்று சொல்ல முடியாது. போட்டியில் இறங்குவதற்கே தேவையான குறைந்தபட்ச அளவு அது. அதற்குக் கீழே போனால் பி.ஐ. அவரைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள். பயணிகளும்தான்.

எட்டணா கணக்கு

இப்போது கட்டணப் போர். பி.ஐ. தன் கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது, அதாவது அரை ரூபாய். உடனே பி.ஐ. இலவசமாகவே கூட்டிப்போகிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கியது. குடைக் கதையை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. கணக்கைப் பாருங்க.

சாதாரண வகுப்பு 1,300 இடமும் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டணா வீதம் ஒரு பயணத்துக்கு 650 ரூபாய். கம்பெனியின் மூலதனம் 10 லட்சம். அந்தத் தொகையை இந்த டிக்கெட் பணத்தில் பார்க்க 1,539 பயணம் தேவை. இரண்டு கப்பலும் ஒரு நாள்கூட ஓயாமல், போகும்போதும் வரும்போதும் ஒரு இடம்கூடக் காலியில்லாமல் ஓடினால் 770 நாள். இரண்டு வருஷத்துக்கும் மேல். இதில் நிலக்கரி, மாலுமி சம்பளம், ரிப்பேர் எதையும் நான் கழிக்கவில்லை. சரக்கு வருமானத்தையும் சேர்க்கவில்லை, ஆனால் எதிராளி அதற்கும் விலையைக் குறைக்கலாம்.

நிலக்கரிக்கு உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாது. 1,300 பேர் இருந்தாலும் 13 பேர் இருந்தாலும் கொதிகலனுக்கு ஏறக்குறைய அதே கரிதான். இதுதான் பெரிய கப்பலின் விஷயம். நிரம்பினால் தலைக்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு. நிரம்பாவிட்டால் அதே கப்பல் உங்களைத் தின்றுவிடும்.

பி.ஐ.க்கும் இதே கணக்குதானே? ஒரு கப்பலைப் பொறுத்தவரை ஆமாம். ஆனா அவர்கள் தூத்துக்குடியில் விட்டதை ரங்கூனிலோ பாஸ்ராவிலோ பிடித்துக்கொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கு இரண்டே கப்பல், ஒரே வழி. வேறு ஊரில் லாபம் பார்த்து இங்கே போடுவதற்கு மூன்றாவது கப்பல் கிடையாது. பெரிய கப்பலா சின்னக் கப்பலா என்பதைவிட, யாரால் அதிக நாள் காலியாக ஓட்ட முடியும் என்பதுதான் அங்கே தீர்மானித்தது.

இதற்கு மேல் அரசியல். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12-ந்தேதி வ.உ.சி. கைது, ஜூலையில் 40 வருஷத் தீவாந்தரத் தண்டனை. அது பின்னால் குறைந்தது. கப்பல்கள் வந்து பத்தே மாதத்தில் கம்பெனியின் மூளை சிறைக்குப் போய்விட்டது. நம்ம கோயமுத்தூர் சிறையில்தான் 1908-லிருந்து 1910 வரை இருந்தார், அங்கேதான் செக்கிழுத்தார். அவர் இல்லாமலேயே கம்பெனி இழுத்துப் பிடித்து 1911 வரை நின்றது, அப்புறம் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

இதே கதை, வேறு முடிவுகள்

வ.உ.சி.க்கு 13 வருஷம் முன்னால் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு இதே அனுபவம். 1893-ல் பம்பாயிலிருந்து பஞ்சும் நூலும் கிழக்கே போகிற வழியில் பி. அண்ட் ஓ.வின் சரக்குக் கட்டணம் அதிகம் என்று டாட்டா லைன் ஆரம்பித்தார். அவர் கப்பல் வாங்கவில்லை. ஆனி பாரோ, லிண்டிஸ்ஃபார்ன் என்று இரண்டு ஆங்கிலக் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். டாட்டா டன்னுக்கு 12 ரூபாய் என்றால், பி. அண்ட் ஓ. ஒன்றரை ரூபாய் வரை இறங்கியது. டாட்டாவும் தோற்றார். ஆனால் கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வர முடிந்தது. நஷ்டத்துக்கு ஒரு எல்லை இருந்தது.

அந்த வழியில் டாட்டாவின் கூட்டாளி ஜப்பானின் நிப்பான் யூசென் கைஷா. அவர்கள் அதே போரில் நின்று ஜெயித்தார்கள். என்ன வித்தியாசம்? ஜப்பான் நூல் மில்காரர்களின் சங்கம், எங்கள் பஞ்சை உங்கள் கப்பலில்தான் ஏற்றுவோம் என்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. எதிராளி விலையைக் குறைத்தாலும் மாறுவதில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன்பே சரக்கு நிச்சயம். பின்னால் அரசாங்க மானியமும் சேர்ந்தது. கடைசியில் பி. அண்ட் ஓ. இறங்கி வந்து சமரசம் செய்துகொண்டது. வ.உ.சி. நம்பியது மக்களின் உணர்வை. அது நிஜமான பலம்தான், அதில்லாமல் 25 ரூபாய்ப் பங்கு விற்றிருக்காது. ஆனா எட்டணா எதிரே இலவசம் என்று வரும்போது, கங்காணியிடம் கடன் வாங்கி வருகிற தொழிலாளியின் மேல் அந்தப் பாரத்தை ஏற்ற முடியுமா? ஜப்பானில் அந்தப் பாரத்தை மில் முதலாளிகள் சுமந்தார்கள்.

மூன்றாவது கதை சிந்தியா கம்பெனி. 1919-ல் வால்சந்த் ஹிராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் நாலரைக் கோடி ரூபாய் மூலதனத்தில் ஆரம்பித்தார்கள். முதல் கப்பல் எஸ்.எஸ். லாயல்டி 1919 ஏப்ரல் 5-ந்தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது, அதுதான் இன்றைக்குத் தேசியக் கடல்வாணிப தினம். குவாலியர் மகாராஜாவிடமிருந்து வாங்கிய பழைய பயணிகள் கப்பல் அது. பெயர் பெரிது, வரும்படி இல்லை. 1923-ல் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதே வருஷம் சிந்தியா, பி.ஐ.யோடு ஒப்பந்தம் போட்டது: கப்பல் படை 75,000 டன்னைத் தாண்டாது, பத்து வருஷத்துக்குக் கரையோரச் சரக்கு மட்டும். தேசியவாதிகள் பலருக்கு இது அவமானமாகத் தெரிந்தது. ஆனால் சிந்தியா பிழைத்தது, சுதந்திரத்துக்குப் பின் நாட்டின் பெரிய கப்பல் கம்பெனியாக நின்றது. எவ்வளவு பெரிசா இருக்கலாம் என்பதைத் தற்காலிகமாக எதிராளியிடம் விட்டுக்கொடுத்து நாட்களை வாங்கிக்கொண்டார்கள் என்று இதை நான் பார்க்கிறேன்.

திருப்பூர் டி-ஷர்ட் போகிற வழி

இப்போது நம்ம ஊருக்கு வரலாம். திருப்பூர் பனியன் பெட்டிகளில் பெரும்பகுதி போவது தூத்துக்குடி வழியாக. அந்தத் துறைமுகத்துக்கு 2011-லிருந்து வ.உ. சிதம்பரனார் பெயர். அங்கிருந்து நிறைய கன்டெய்னர்கள் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே நிற்கிற பெரிய தாய்க்கப்பலில் மாறி ஐரோப்பா, அமெரிக்கா போகின்றன. காலியாவும் லாவோவும் ஓடிய அதே கடல் வழி.

அந்தத் தாய்க்கப்பல்களின் உலகத்திலும் இதே பாடம்தான். பெட்டிக்கு ஆகிற செலவைக் குறைக்க எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் பெரிய பெரிய கப்பலாக வாங்கின. இடம் அதிகமாகி, சரக்குக் கட்டணம் சரிந்தது. 2016 ஆகஸ்ட் கடைசியில் உலகின் பெரிய கன்டெய்னர் கம்பெனிகளில் ஒன்றான கொரியாவின் ஹான்ஜின் மஞ்சக் கடுதாசி கொடுத்தது. துறைமுகங்கள் உள்ளே விடாமல் அதன் கப்பல்கள் சரக்கோடு நடுக்கடலில் நின்றன.

திருப்பூர் நெடுங்காலம் இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருந்ததற்கு ஜாப் வொர்க் ஒரு காரணம். நிட்டிங் ஒருத்தர், சாயம் ஒருத்தர், கம்பேக்டிங் ஒருத்தர், பிரிண்டிங் ஒருத்தர், பவர் டேபிள் ஒருத்தர். ஆர்டர் எடுத்தவர் தேவைக்கு மற்றவர்களின் "கப்பலை" வாடகைக்கு எடுத்துக்கொள்வார். இன்னொரு காரணம் சட்டம். பின்னலாடை சிறுதொழிலுக்கென்று ஒதுக்கிய பட்டியலில் இருந்தது, மெஷினில் இவ்வளவுதான் முதலீடு என்று வரம்பு இருந்தது. அதனால் ஒரே கம்பெனியைப் பெரிதாக்காமல் அண்ணன் பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று என்று பிரித்து வைத்தவர்கள் உண்டு. 2005-ல் அந்த ஒதுக்கீடு போனது. அதற்கு முன்பே, 1999-ல் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் வட்டிச் சலுகைக் கடன் வந்துவிட்டது. வெளிநாட்டு பையர்களும் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நூலிலிருந்து பேக்கிங் வரை சொந்தமாகப் போட்டவர்கள் வந்தார்கள்.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பெரிய பிராண்டின் ஆர்டர் வேண்டுமென்றால் அந்த அளவு வேண்டும். வ.உ.சி.க்கு இரண்டு கப்பல் எப்படிக் குறைந்தபட்சமோ அப்படி. ஆனா 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது பட்டறை நின்றது, வங்கித் தவணை நிற்கவில்லை. சாயப்பட்டறைகளின் தேவையையும் நம்பிப் போட்ட காவிரித் தண்ணீர்த் திட்டமும் அப்படித்தான். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு, நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரக்கூடிய குழாய். கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்து என்று பட்டறைகளுக்குக் கட்டாயம் வந்ததும், வாங்குகிற தண்ணீர் குறைந்துவிட்டது. குழாயின் அளவு குறையவில்லை. 2025 ஆகஸ்ட் 27-ந்தேதி அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது, அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பி லைன் போட்டவர்கள் நிலைமை ஒரே வழியில் ஓடிய இரண்டு கப்பல்தான்.

அதனால் யாராவது "எத்தனை மெஷின் போடலாம்?" என்று என்னைக் கேட்டால் மூன்று கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். ஒன்று, ஆர்டரே இல்லாவிட்டாலும் மாதம் எவ்வளவு வெளியே போகும்? தவணை, வாடகை, கரண்டு டிமாண்ட் சார்ஜ், விட முடியாத ஆட்களின் சம்பளம் எல்லாம் சேர்த்து. கையிருப்பை இதால் வகுத்தால் எத்தனை மாசம் காலியா ஓட்டலாம் என்று தெரிந்துவிடும். இரண்டு, நிப்பான் யூசெனுக்கு மில் சங்கம் எழுதிக் கொடுத்த மாதிரி உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? மூன்று, போட்டியாளரோ அரசாங்கமோ இந்த ஒரு வழியை அடைத்தால் வேறு எங்கே ஓட்டுவீர்கள்?

கப்பலின் அளவு இந்த மூன்றுக்கும் பிறகுதான் வரும். வீட்டுக் கடனுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான், மூன்றாவது கேள்வி மட்டும் வேலை போனால் என்ன என்று மாறும்.

வ.உ.சி. இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாதவர் இல்லை. வாடகையில் ஆரம்பித்தவர் அவர். அந்த வாசலை எதிராளி அடைத்தபின் அவருக்கு மிச்சமிருந்தது இரண்டே வழி, வாங்குவது அல்லது விட்டுவிடுவது. அவர் வாங்கினார். அதில் இழப்பு யாருக்கு என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. பி.ஐ.க்குப் போனது சில மாதக் கட்டணமும் கொஞ்சம் குடைகளும். இந்தப் பக்கம் போனது, கொழும்புக்கு எட்டணா டிக்கெட்டில் ஐம்பது தடவை போகிற காசைக் கொடுத்து ஆளுக்கொரு 25 ரூபாய்ப் பங்கு வாங்கியவர்களின் பணம்.